எல்டன் ரிங்: உடையாத லோர் தியரி கட்டுவது எப்படி?

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லில் பொறித்திருந்தது ஒரே செய்திதான்: இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803. வன்னியில் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த கதை என்பதால், பலரும் இந்த வரியை வாசிக்கும்போது கதையைத்தான் வாசிக்கிறார்கள். மெதுவாக வாசித்துப் பாருங்கள். 'அண்மையில்' என்று உள்ளது, 'இங்கே' என்று இல்லை. 'தோற்கடித்தார்' என்று உள்ளது, 'கொன்றார்' என்று இல்லை. வென்றவர் பெயர் முன்னே நிற்கிறது. அதே ஆண்டு ஒகஸ்ட் 25 இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒக்டோபர் 31 இலேயே மன்னன் உயிர் துறந்தான் என்று நிறுவ விரும்புகிறவருக்கு இந்தக் கல் போதாது. அதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமிலும் இதே மாதிரிக் கற்கள் நிற்கின்றன. வாள் வடிவில் நடப்பட்ட போர் நினைவுக் கற்கள் அவை. பக்கத்தில் போனால் இரண்டு மூன்று வரி வாசிக்கலாம். கற்சிலைமடுக் கல்லை வாசித்த அதே கண்ணோடு அவற்றை வாசிக்கத் தெரிந்துவிட்டால் லோர் வேலையில், அதாவது கேம் நேரடியாகச் சொல்லாத பின்கதையைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் வேலையில், பாதி முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் தேவையானவை. கணினியில் விளையாடுவதென்றால் குறைந்தது 12 ஜி.பி. ராம், 60 ஜி.பி. இடம், ஜி.டி.எக்ஸ். 1060 அளவிலான கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் இரவு நேர டேட்டாவில் பல நாளாகப் பிரித்து இறக்கலாம். ஒருவரிடம் மட்டும் கேம் இருந்தாலும் போதும். மற்றவர்கள் அவர் எடுத்துத் தரும் ஸ்க்ரீன்ஷாட்டை வைத்தே வேலை செய்யலாம், ஏனென்றால் லோர் வேலையில் பெரும்பகுதி வாசிப்பு. கூடவே ஒரு தடித்த சி.ஆர். கொப்பி, இரண்டு நிறப் பேனை, ஓர் ஆங்கில அகராதி. ஃபோனில் எழுதினால் தேடுவது சுகம். ஆனால் ஒரே பக்கத்தில் பத்து ஆதாரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கொப்பிதான் நல்லது.

எந்தப் பதிப்பு என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கேம் 2022 பெப்ரவரி 25 இல் வந்தது. அடுத்த மாதமே வந்த 1.03 பதிப்பு சில பாத்திரங்களின் கதைக்குப் புதிய பகுதிகளைச் சேர்த்தது. அதற்கு முன் எடுத்த வீடியோவை வைத்து "இந்தப் பாத்திரத்தின் கதை இங்கேயே நின்றுவிடுகிறது" என்று முடிவெடுத்தால் தியரி முதல் நாளே தவறு. 2024 யூன் 21 இல் வந்த 'ஷாடோ ஒஃப் த எர்ட்ட்ரீ' விரிவாக்கத்தின் ஆதாரங்களை வேறு நிறப் பேனையால் எழுதுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

கொப்பியில் என்ன எழுதுவது

ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஐந்து விடயம் வேண்டும். ஒன்று, சொற்கள் அப்படியே. சுருக்கக் கூடாது, தமிழாக்கவும் கூடாது. ஆங்கில வரியை முதலில் எழுதி, கீழே உங்கள் தமிழை எழுதுங்கள். இரண்டு, யார் சொல்வது: பாத்திரம் தன் வாயால் சொல்கிறதா, ஐட்டம் விளக்கமா (வாள், கவசம் போன்ற பொருளோடு வரும் சிறு குறிப்பு), கல்லா, கட்சீனா (கேம் தானே ஓட்டிக் காட்டும் காட்சி)? மூன்று, எங்கே கிடைத்தது. நான்கு, எப்போது கிடைத்தது, அதாவது எந்த பொஸ்ஸை (பெரிய எதிரியை) வென்ற பிறகு. ஐந்து, தரம்.

தரத்துக்கு அ, ஆ, இ, ஈ போதும். கண்ணால் பார்த்ததும், செய்தவரே ஒப்புக்கொண்டதும் 'அ'. ஐட்டம் விளக்கம் ஐயமில்லாமல் அடித்துச் சொல்வது 'ஆ'. விளக்கமே "சொல்லப்படுகிறது", "வதந்தி", "ஒருவேளை" என்று தயங்கினால் 'இ'. எதுவும் சொல்லாத இடத்தில் நாம் போட்ட பாலம் 'ஈ'. ஈ இல்லாமல் தியரியே கிடையாது, அதனால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஈயை ஆ என்று எழுதி வைப்பதுதான் கேடு.

பெரும்பாலான தியரிகள் உடைவது நான்காவது விடயத்தில், எப்போது கிடைத்தது என்பதில். அதை யாரும் எழுதி வைப்பதில்லை. செவ்வழுகல் என்ற நோயைச் சுமக்கும் வீராங்கனை மலேனியாவின் 'ஸ்கார்லெட் ஏயோனியா' மந்திரத்தின் விளக்கத்தைப் பாருங்கள். மலேனியா ஏற்கெனவே இரண்டு முறை மலர்ந்துவிட்டாள் (அந்த அழுகல் பூவாக வெடித்துப் பரவுவதுதான் மலர்ச்சி), மூன்றாவது மலர்ச்சியில் உண்மையான தெய்வமாவாள் என்கிறது அது. முதல் மலர்ச்சி கேலிட் என்ற பகுதியில், தளபதி ரடானோடு மோதிய ஏயோனியாப் போரில். இரண்டாவது எது? நமக்குத் தெரியாத பழைய போர் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று தேடப் புறப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்த மந்திரம் கைக்கு வருவது மலேனியாவை வென்று, அவளது நினைவு என்ற ஐட்டத்தை எனியா என்ற பாத்திரத்திடம் கொடுத்து மாற்றிய பிறகுதான். நாம் அவளோடு மோதும் போரின் இரண்டாம் பாதி அவள் மலர்வதோடுதான் தொடங்குகிறது. விளக்கம் அதையும் சேர்த்து எண்ணுகிறது என்று எடுத்தால் காணாமற்போன போர் தேவையே இல்லை. இதற்கும் ஒரு ஈ பாலம் வேண்டும்தான். ஆனாலும் ஒரு புதிய போரைக் கற்பிப்பதைவிட இது மிகச் சிறிய பாலம். இரண்டு விளக்கம் போட்டியிட்டால் குறைந்த ஈ உள்ளதை எடுங்கள்.

ஏயோனியாவில் வென்றது யார்?

இந்தக் கேள்வியை முதற் பயிற்சியாகச் செய்யச் சொல்வோம், ஏனென்றால் எல்லா வகை ஆதாரமும் இதில் உண்டு. நினைவுக் கல் சொல்வது: ரடானும் மலேனியாவும் வெல்லவும் தோற்கவும் முடியாமல் நின்றார்கள், பிறகு செவ்வழுகல் மலர்ந்தது. தரம் ஆ. மலேனியா நம்மிடம் தன் வாயால் சொல்வது: தோல்வி என்பதை நான் அறிந்ததே இல்லை. செய்தவர் வாக்குமூலம் என்பதால் இதை அ என்று போடத் தோன்றும். பொறுங்கள். வாக்குமூலம் அ ஆவது சொல்பவர் தனக்குப் பாதகமானதைச் சொல்லும்போது. தன்னைப் புகழ்ந்து சொல்வது ஒரு தரம் இறங்கும், ஆகவே ஆ. அழுகல் ரடானின் அறிவைத் தின்றுவிட்டது, அவர் மண்ணில் பிணம் தின்று அலைகிறார்; இதைக் கண்ணால் பார்க்கிறோம், அ. மலேனியாவின் கிளீன்ரொட் படை வீரர் ஃபின்லேயின் சாம்பல் (ஆவியை அழைக்கும் ஐட்டம்) விளக்கம், போரில் தப்பிய சிலரில் ஒருவரான அவர் உறங்கிக் கிடந்த மலேனியாவை அவளது இருப்பிடமான ஹேலிக்ட்ரீ வரை சுமந்து சென்றதாகச் சொல்கிறது, ஆ.

நான்கையும் அடுக்கிப் பார்த்தால் "மலேனியா வென்றாள்" என்ற வாக்கியத்துக்கு இடமில்லை. "ரடான் வென்றார்" என்பதற்கும் இல்லை. கல் சொன்ன இழுபறி நிற்கிறது, மலேனியாவின் வாக்கும் பொய்யாகவில்லை, ஏனென்றால் இழுபறி தோல்வி ஆகாது. இருவருமே தங்கள் காலில் களத்தை விட்டுப் போகவில்லை. இப்படி ஆதாரங்கள் ஒன்றையொன்று வெட்டாமல் நிற்கும் வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒன்றை உண்மையாக்க இன்னொன்றைப் பொய்யென்று தூக்கி எறிய வேண்டி வந்தால், எறிவதற்குக் காரணம் எழுதாமல் எறியாதீர்கள்.

அடுத்த கேள்வி, மலேனியா ஏன் அவ்வளவு தூரம் படையெடுத்தாள்? 2022 இல் இதற்கு நேரடிப் பதில் இல்லை. ரடானின் கிரேட் ரூனுக்காக (உலகின் ஒழுங்கைத் தாங்கிய எல்டன் ரிங் உடைந்தபோது சிதறிய துண்டு) என்றார்கள், அவர் தடுத்து வைத்த நட்சத்திரங்களை விடுவிக்க என்றார்கள். எல்லாம் ஈ. 2024 இல் விரிவாக்கம் வந்தபோது, மலேனியாவின் இரட்டைச் சகோதரன் மிகெல்லா ரடானைத் தன் துணையரசராக்க எண்ணியிருந்தது வெளிப்பட்டது. அந்தப் படையெடுப்புக்கு முற்றிலும் புதிய காரணம் கிடைத்தது. இதைவிடப் பெரிய திருப்பம் மோக் என்ற இன்னொரு தேவவாரிசின் விடயத்தில். முதற் கேமில் கிடைத்த ஆதாரங்களின்படி மோக், மிகெல்லாவைக் கடத்தி வந்த கொடியவன். விரிவாக்கத்தில் மோக்கின் பழைய சேவகர் அன்ஸ்பாக் பேசும்போது மயக்கப்பட்டவன் மோக்தான், மயக்கியவன் மிகெல்லா என்று தெரிகிறது. பழைய விளக்கங்களில் ஒரு சொல்லும் மாறவில்லை. அவற்றைச் சொன்ன குரலுக்கு எவ்வளவு தெரியும் என்பதில்தான் நம் எண்ணம் மாறியது. இரண்டு நிறப் பேனை இதற்காகத்தான்: எந்த முடிவு எந்த ஆண்டின் ஆதாரத்தில் நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

உறுதியான ஆதாரம் எப்படி இருக்கும்

கருங்கத்திகளின் இரவை, அதாவது கொட்வின் என்ற தேவவாரிசு கொல்லப்பட்ட இரவை, எடுங்கள். அந்தக் கொலைக்குப் பின்னால் இன்னொரு தேவவாரிசான சூனியக்காரி ரன்னி இருந்தாள் என்பது இன்று தியரி நிலையைத் தாண்டிவிட்டது. ஒன்று, மரணச் சாபக்குறி என்ற ஐட்டத்தின் விளக்கம்: முதல் தேவவாரிசு மாண்டபோது அந்தக் குறி முழு வட்டமாக விழுந்திருக்க வேண்டும், ஒரே கணத்தில் இருவர் மாண்டதால் இரண்டு அரைவட்டமாக உடைந்தது; ரன்னியின் உடல் மட்டும் மாண்டது, மற்றவரான கொட்வினின் ஆன்மா மட்டும் மாண்டது. இரண்டு, இடம்: அந்தக் குறி கிடைப்பது லியூர்னியா என்ற பகுதியின் தெய்வீகக் கோபுர உச்சியில், ரன்னி கைவிட்ட உடலில். மூன்று, ரன்னியே ஒப்புக்கொள்கிறாள்: தேவவாரிசுகளையும் கொல்ல வல்ல மரண ரூனின் துண்டைத் திருடியதும் அதைக் கத்திகளில் ஏற்றியதும் தானே என்று. இது தனக்குப் பாதகமான வாக்குமூலம். எழுத்து, இடம், வாய்மொழி மூன்றும் தனித்தனியே வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன.

'தனித்தனியே' என்பதைக் கவனிக்க வேண்டும். அரசி மரிக்காவின் ஆட்சிக் கொள்கையான பொன் ஒழுங்கின் பிரசாரத்தைத் திருப்பிச் சொல்லும் ஐந்து ஐட்டம் ஐந்து ஆதாரம் ஆகாது. ஒரே வாய் ஐந்து முறை பேசியது, அவ்வளவுதான்.

அதே இரவைப் பற்றிய இன்னொரு தியரி மரிக்காவே கொலையைத் திட்டமிட்டாள் என்பது. அது நிற்பது பெரும்பாலும் கருங்கத்திக் கவசத்தின் விளக்கத்தில்: கொலையாளிகள் எல்லாரும் பெண்கள், அவர்கள் மரிக்காவோடு நெருங்கிய உறவுள்ள நூமன் இனத்தவர் என்று வதந்தி. வாக்கியத்தின் முதல் பாதி ஆ, இரண்டாம் பாதி இ. விக்கிகளில் சுருக்கி எழுதும்போது "வதந்தி" என்ற சொல் மெல்ல உதிர்ந்துவிடுகிறது. அதைப் பார்த்து வீடியோ செய்கிறவர் "கொலையாளிகள் மரிக்காவின் ஆட்கள்" என்று அடித்துச் சொல்கிறார். வீடியோவைப் பார்த்து எழுதுகிறவருக்கு அது அ ஆகிவிடுகிறது. தியரி தவறு என்று நாம் சொல்லவில்லை, அது சுவையான தியரி. ஆனால் அதை எழுதுகிறவர் இ என்ற தரத்தை முதல் வரியிலேயே காட்ட வேண்டும். விக்கியை ஐட்டம் எங்கே கிடைக்கும் என்று தேடப் பயன்படுத்துங்கள். மேற்கோளைக் கேமிலிருந்து மட்டும் எடுங்கள்.

இடத்தை வாசிப்பது

காட்டுக்குள் நடக்கும்போது மேடாக நீளும் மண்வரம்பும், உடைந்த செங்கல்லும், தனியாக ஒரு புளியமரமும் தெரிந்தால் அங்கே ஒரு காலத்தில் குளமும் குடியிருப்பும் இருந்ததென்று வன்னியில் யாரும் சொல்வார்கள். யார் கட்டினார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்பதை வரம்பு சொல்லாது. கேமின் இடங்களையும் அதே அளவோடு வாசியுங்கள். இடிபாடு, பிணங்கள் பார்த்து நிற்கும் திசை, சிலையின் முகம், எந்தக் கட்டடத்தின் மேல் எந்தக் கட்டடம் என்பவை எல்லாம் 'இங்கே என்ன நடந்தது' என்பதற்கு நல்ல சாட்சி. 'யார், ஏன்' என்பதற்கு எழுத்து வேண்டும்.

இடமும் எழுத்தும் சேரும் மிக அழகான உதாரணம் தலைநகர் லேண்டெலில் உள்ள, மரிக்காவின் இரண்டாம் கணவர் ராடகனின் சிலை. பக்கத்தில் தரையில் உள்ள செய்தி, பின்னோக்கும் விதி ஒன்றே இரகசியத்தைக் காட்டும் என்கிறது. பின்னோக்கும் விதி என்பது ஒரு மந்திரம், அதற்கு இன்ரெலிஜென்ஸ் (பாத்திரத்தின் அறிவுப் புள்ளி) 37 வேண்டும். சிலைக்கு முன் நின்று போட்டால் சிலை உருமாறி மரிக்காவாகிறது, ராடகனே மரிக்கா. விளையாடுகிறவர் தன் கையால் சோதித்து அறியும் ஆதாரம் இது. இந்தத் தரத்தில் ஆதாரம் கிடைப்பது அரிது.

காலவரிசை

கேமில் ஆண்டுக்கணக்கு இல்லை. "5000 ஆண்டுக்கு முன்" என்று எழுதினால் அது உங்கள் கற்பனை. முன், பின் மட்டும் போடலாம். ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் பரப்புங்கள். ராடகன் லியூர்னியாவில் போரிட்டது அந்நாட்டு அரசி ரென்னாலாவை மணந்ததற்கு முன். மரிக்காவின் முதற் கணவர் கொட்ஃபிரி நாடு கடத்தப்பட்டது ராடகன் ரென்னாலாவை விட்டு மரிக்காவின் கணவரானதற்கு முன். கருங்கத்திகளின் இரவு எல்டன் ரிங் உடைந்ததற்கு முன். அந்த உடைவு வாரிசுகளின் போருக்கு முன், ஏயோனியா அந்தப் போருக்குள். இரண்டு தாளுக்கு இடையே எது முந்தியது என்று ஆதாரம் இல்லையென்றால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், வரிசையில் திணிக்காதீர்கள். தாளின் பின்பக்கம் ஆதார எண் இல்லாத தாள் மேசையில் இருக்கக் கூடாது.

இந்த மேசைச் சோதனையைத் தாண்ட வேண்டிய தியரிதான், நம் பயணத்துக்குத் துணை வரும் மெலினாவே பழைய அந்தி விழி அரசி என்பது. ஆதரவு இருக்கிறது. மெலினாவின் இடக்கண் எப்போதும் மூடியிருக்கிறது. கேமின் பல முடிவுகளில் ஒன்றான வெறித்தீ முடிவில் அந்தக் கண் திறக்கும்போது ஊதா சாயலில் தெரிகிறது, விதித்த மரணத்தை உனக்குத் தருவேன் என்கிறாள். அந்தி விழி அரசியோ தெய்வங்களைக் கொல்லும் கருந்தீயின் தலைவி. மரிக்காவின் காவலன் மலிகெத்திடம் தோற்றவள் என்று அவளது பெருவாளின் விளக்கம் சொல்கிறது. ஆனால் மெலினா தான் எர்ட்ட்ரீ என்ற பொன் மரத்தின் அடியில் பிறந்ததாகச் சொல்கிறாள். அந்தத் தோல்வியும் இந்தப் பிறப்பும் மேசையில் எந்த வரிசையில் வரும்? தியரிக்காரர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். விரிவாக்கத்தில் மரிக்காவின் மகன் மெஸ்மரின் தீக்கொள்ளி விளக்கத்தில் அவருக்கு ஓர் இளைய சகோதரி உண்டென்றும் அவளும் தீயின் காட்சியைத் தாங்கினாள் என்றும் வருகிறது. மெலினாவின் பிறப்புக்கு இது உரம் சேர்க்கிறது. அரசி தியரிக்கு அதனால் ஒரு படி கூடுகிறதா குறைகிறதா என்பது உங்கள் கூட்டத்துக்கு நல்ல ஒரு மாலைப் பொழுது.

அடிக்கடி உடையும் இடங்கள்

ஒற்றுமையை உறவாக்குவது. செந்தலைமுடி உள்ள எல்லாரையும் ராடகன் குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். இராட்சதனின் செம்பின்னல் என்ற சாட்டையின் விளக்கத்தில் ராடகன் தன் செந்நிற முடியை வெறுத்தார் என்பது "சொல்லப்படுகிறது", இராட்சதரின் சாபம் என்பது "ஒருவேளை". இரண்டும் இ. இ மேல் இ அடுக்கினால் வருவது ஆ அல்ல.

வெளிப் புராணத்தைச் சாட்சியாக்குவது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போய் வளர்ந்த ஒருவருக்கு, ஒரு நிலத்தையே அழித்த மலேனியாவைப் பார்த்ததும் மதுரை எரிந்தது நினைவுக்கு வரும். வரட்டும், அதை எழுதுங்கள், தமிழில் மட்டுமே வரக்கூடிய அருமையான வாசிப்பு அது. ஆனால் கொப்பியின் வேறு பக்கத்தில். மலேனியா அடுத்து என்ன செய்வாள் என்று கண்ணகி கதையிலிருந்து கணிக்க முடியாது.

கேம் கோப்புகளுக்குள் தோண்டி எடுத்த, வெளியிடாமல் வெட்டிய உரையாடல்களை நம்புவதும் அப்படித்தான். அவை ஆக்கியோர் ஒரு காலத்தில் எண்ணியதைக் காட்டும், பிறகு கைவிட்டதையும் காட்டும். கடைசிப் பக்கத்தில் வையுங்கள். 2025 இல் வந்த 'நைட்ரெய்ன்' என்ற கேம் தனியாகக் கிளைத்த வேறு கதை. அதிலிருந்து மூலக் கேமுக்கு ஆதாரம் எடுக்காதீர்கள். ஆங்கில உரையின் ஒற்றைச் சொல்லில் தியரி தொங்கினால், ஜப்பானிய மூலத்தில் அந்தச் சொல் எப்படி உள்ளது என்று தெரிந்தவர்கள் எழுதியதைப் பார்த்துவிடுங்கள். பின்கதையின் பழங்காலப் பகுதியை நாவலாசிரியர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதினார், கேமுக்குள் நாம் வாசிக்கும் உரை கேமின் இயக்குநர் மியசாக்கி தலைமையிலான அணியினுடையது. "இது மார்ட்டின் பாணி" என்பதும் ஆதாரம் ஆகாது.

மியசாக்கி பற்றி ஒன்று. சிறுவயதில் முழுதாகப் புரியாத ஆங்கில நூல்களை வாசித்து, விளங்காத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பியதாக அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கேமில் வெற்றிடம் விட்டிருப்பது தெரிந்தே செய்தது. அகராதியோடு உட்கார்ந்து வாசிக்கும் நம் பிள்ளைகள் இந்த வேலையில் பின்தங்கியவர்கள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. மெதுவாக வாசிப்பவர்தான் "வதந்தி" என்ற சொல்லைத் தவறவிடமாட்டார்.

கூடிப் பேசும் முறை

சனசமூக நிலையமோ ஒருவர் வீட்டுத் திண்ணையோ போதும். நாலு பேர் நல்ல அளவு. ஒருவர் தியரியை வைக்கிறார். ஒருவர் எதிர்ப்பக்கம், அவருக்குத் தியரி பிடித்திருந்தாலும் எதிர்க்க வேண்டும். ஒருவர் கையில் கொப்பி, மேற்கோள் பிழையாக வந்தால் அங்கேயே நிறுத்துவது மட்டுமே அவர் வேலை. நான்காமவர் துண்டுத் தாள் மேசையைப் பார்க்கிறார். அடுத்த தியரிக்கு ஆட்கள் மாற வேண்டும். எதிர்ப்பக்கம் ஒருவருக்கே நிலைத்துவிட்டால் அது ஆள் மேல் கோபமாக முடியும். வயதில் மூத்தவர் சொன்னார் என்பதற்காகத் தரம் கூடாது. அண்ணை சொன்னாலும் ஈ என்றால் ஈதான்.

எழுதி வெளியிடும்போது முதல் வாக்கியத்தில் தியரி. அடுத்து வலுவான மூன்று ஆதாரம், தரத்தோடு. அதற்கு அடுத்து உங்கள் தியரியின் மிக மெலிந்த இடம், நீங்களாகவே. கடைசியில், என்ன கிடைத்தால் இந்தத் தியரியைக் கைவிடுவீர்கள் என்று ஒரு வரி. அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் தியரி எதையும் சொல்லவில்லை என்று பொருள். திரும்பக் கொப்பிக்குப் போங்கள். தரத்தை வினையிலேயே காட்டலாம்: அ, ஆ என்றால் "கொன்றாள்", இ என்றால் "கொன்றாளாம்", ஈ என்றால் "கொன்றிருக்கலாம்". இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அடைப்புக்குறிக்குள் தரம் போடவே தேவையில்லை.

தியரி உடைந்தால் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, எந்த ஆதார எண் உடைத்தது, எந்தத் திகதி என்று ஓரத்தில் எழுதுங்கள். மோக் தியரியை அப்படி வைத்திருந்தவர்களுக்கு 2024 இல் வேலை சுலபமாக இருந்தது: அந்தப் பக்கத்தின் ஆதாரங்கள் எல்லாம் அப்படியே பயன்பட்டன, மாற்ற வேண்டியிருந்தது 'யார் சொல்வது' என்ற நிரல் மட்டும்.